ஐம்பது போகாத வண்டி

புதுச்சேரி பாகூரில் இருக்கும் விஜயராணி, எல்லை தாண்டிக் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுக்கும் பொறுமையெல்லாம் அவளுக்குக் கிடையாது. அதனால் வில்லியனூரில், லைசென்ஸ் தேவைப்படாத பேட்டரி சைக்கிள் வாங்கினாள். வாங்கிய வாரமே கடைக்காரர் ஜெயசீலனிடம் சண்டைக்குப் போனாள்.

"இன்னாங்க வண்டி இது? இருபத்தஞ்சுக்கு மேல போவ மாட்டேங்குது. பக்கத்து வூட்டுப் பையன் அரசு இதே வண்டிய அம்பதுல ஓட்டுறான். ஏதோ ஒயரைக் கழட்டிவுட்டாங்களாம். எனக்கும் கழட்டுங்க."

"கழட்டுனா நம்பர், லைசென்ஸ் எல்லாம் வேணும்மா. பிரேக்கும் அந்த வேகத்தத் தாங்காது. நான் செய்ய மாட்டேன்."

வேறு கடை பார்க்க அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

எல்லையில் கடத்தல் மது பாட்டில் தேடும் போலீஸ் ஒருநாள் அவளை நிறுத்தியது. பையில் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. ஆனாலும் ஏட்டு விடவில்லை.

"நம்பர் எங்கம்மா?"

"இதுக்கு வேணான்னாங்க சார்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு" என்று ஓரத்தைக் காட்டினார். அங்கே பிடித்து வைத்த வண்டியின் பக்கத்தில் அரசு தலைகுனிந்து நின்றிருந்தான். விஜயராணி வண்டியை விட்டு இறங்கினாள்.

ஏட்டு தானே அவள் வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினார். வண்டி அதே இருபத்தைந்தில்தான் போனது. மீன்கூடை கட்டிய மொபெட் ஒன்று ஹாரன் அடித்து அவரை முந்தியது.

திரும்பி வந்து இறங்கினார். "போம்மா. இது சைக்கிளுதான்."

எல்லை தாண்டி வரும் ஆற்றுப் பாலத்தில் எல்லா வண்டிகளும் அவளை முந்தின. முந்துகிற ஒவ்வொருவரையும் திட்டுகிறவள், அன்று ஒதுங்கி வழிவிட்டாள்.