கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் புடவை

அந்துருண்டை வாசம் எனக்கு ஆகாது. யார் வீட்டிலாவது பீரோவைத் திறக்கும்போது அது குப்பென்று முகத்தில் அடித்தால், ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் வந்துவிடுவேன். "அம்மா மூக்கு மகாராணி மூக்கு" என்று என் மகள் கேலி செய்வாள். மூக்கின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. புதுக்கோட்டையில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ரெஜினா ஒரு வெள்ளைப் பட்டுப்புடவையைப் பழைய துண்டில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்தபோது எழுந்த வாசம் அது. அது அவர் கட்டிக் கல்யாணம் செய்துகொண்ட புடவை. நாங்கள் பதினேழு பேரும் முண்டியடித்துக்கொண்டு போய் அதைத் தொட்டுப் பார்த்தோம், முகர்ந்து பார்த்தோம். தொடாமல் இருந்திருக்கலாம்.

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷின்மேல் இருந்த பயம் மட்டும் போகவில்லை. பாடத்தை "நெட்டுரு" போடுவோம், பரீட்சையில் கொட்டுவோம், வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவோம், அவ்வளவுதான் எங்களுக்கும் அந்தப் பாஷைக்கும் இருந்த உறவு. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ரெஜினா டீச்சர் முதல் நாள் என்னை எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டார்; நான் கைகளைக் கட்டிக்கொண்டு 'ஒரு ரயில் பயணம்' கட்டுரையின் முதல் பத்தியை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களை நடிக்க வைத்தார். ஒருத்தி கத்தரிக்காய் விற்பாள், இன்னொருத்தி பேரம் பேசுவாள். ஒருத்தி மாமியார், ஒருத்தி மருமகள். "சண்டை போடுங்க, தாராளமாப் போடுங்க, ஆனா இங்கிலீஷ்ல போடுங்க" என்பார். அதில் ஒரு சூட்சுமம் இருந்ததை நாங்களே கண்டுகொண்டோம். நானாக நின்று பேசினால் தப்பு வந்துவிடுமோ என்று நாக்கு ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்காய்க்காரியாக நின்றால் தப்பு அவளுடையது, எனக்கென்ன வந்தது! மூன்றே மாதத்தில் தண்ணீர்ப் பானையடியில்கூட இங்கிலீஷில் ஏசிக்கொண்டோம்.

எங்களில் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் இருந்தவள் விசாலாட்சி. திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். படிப்புக்காகத் திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவிலேயே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். தினமும் சேர்ந்துதான் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். மலாயாவில் கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்தாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்று அவள் ஆத்தா மல்லுக்கு நின்றிருக்கிறார். அவள் அப்பாதான், அப்பச்சி என்பாள், "பங்குனியில பரீட்சை, அதை எழுதட்டும், அப்புறம் அழைச்சுக்கிட்டு வந்துருவோம்" என்று தவணை வாங்கிக் கொடுத்திருந்தார். அவர்கள் ஊரிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகும் முதல் பெண் அவள்தான். "எழுதிட்டேன்னா போதும் காமு, பொறகு அடுப்படியில கெடந்தாலும் நான் எழுதினவ" என்று நடக்கும்போதெல்லாம் சொல்லுவாள். அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

மாசி மாதத்துப் பள்ளி விழாவுக்கு ஒரு முழு நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. டீச்சரே எழுதினார், எங்கள் வாய்க்கு அடங்குகிற சின்னச் சின்ன வாக்கியங்களாக. இங்கிலீஷ்காரர்கள் தேசத்தில் ஒரு கடற்கரை ஊர். கல்யாணப் பெண் வெள்ளை உடையில் சர்ச்சில் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் வரவேண்டும். புயலில் கப்பல் முழுகிப்போனதாகச் சேதி வருகிறது. பெண்கள் கூடி அழுகிறார்கள். கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படுகிறது, நனைந்த கோட்டோடு மாப்பிள்ளை வந்து நிற்கிறான். அப்போது அவள் சொல்ல வேண்டிய வசனம், "ஐ நியூ யூ வுட் கம்". நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். விசாலாட்சிக்கு நிஜமாகவே பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில்தான் மாப்பிள்ளை வரவேண்டும். அது டீச்சருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். "ஒன் கதையை டீச்சருக்கு யாருடி சொன்னது?" என்று அவளைக் கிள்ளுவோம். மாப்பிள்ளைதான் முடிவில் வந்துவிடுகிறானே என்பதால் அவளும் முகம் சிவந்து சிரிப்பாள்.

கல்யாணப் பெண் வேஷம் எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை, எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்? எனக்கு வந்தது தமிழ் வேலை. வரப்போகும் தாய்மார்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, ஆகவே நாடகத்துக்கு முன்னால் கதையைத் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சர் அரைப் பக்கத்தில் கதையை எழுதி என்னிடம் கொடுத்தார். "அப்படியே படி காமு, ஒரு வரியும் விட்டுடாதே" என்றார்.

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகிக்குப் பெரிய ஆபத்து வருகிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, 'மற்றவை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். பெட்டி நிறைய அப்படிச் சேர்த்து வைத்திருந்தவள் நான். எனக்குக் கிடைத்ததோ அரைப் பக்கம். அதிலாவது ஜனங்கள் என்னை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாமா? கடைசி வரியை விழுங்கிவிட்டு, 'மற்றவை மேடையில் காண்க' என்று சொல்வதாக மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, விசாலாட்சியிடம்கூட.

விழா சாயங்காலம் நான்கு மணிக்கு. விசாலாட்சியின் ஆத்தா கிராமத்திலிருந்து வந்திருந்தார். "ஒரு தடவை வந்து பாருங்க ஆத்தா" என்று மகள்தான் கெஞ்சி வரவழைத்திருந்தாள். முன் வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில், மடியில் பூப்பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் மகள் தலையில் வைக்க வாங்கி வந்த பூ அது. திரைக்குப் பின்னால் டீச்சர் தம் புடவையை விசாலாட்சிக்குக் கட்டிவிட்டு, வளையலையும் பூவையும் கழற்றச் சொன்னார். நெற்றியைப் பார்த்துவிட்டு, "பொட்டு இருக்கட்டும், பரவாயில்லை" என்றார். "துரைசானி பொட்டு வெப்பாளா டீச்சர்?" என்று விசாலாட்சிதான் புறங்கையால் அதைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தாள்.

நான் மைக் முன்னால் போய் நின்று படித்தேன். நன்றாகவே படித்தேன். கப்பல் முழுகிய இடத்தில் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை மாண்டான் என்று சேதி வருகிறது. மற்றவை மேடையில் காண்க" என்று நிறுத்தினேன். கைதட்டல் வந்தது. வெற்றிதான் என்று குதித்துக்கொண்டு மேடைக்கு ஓரமாக வந்து நின்றேன்.

திரை விலகியது. எங்கள் கண்ணுக்கு அங்கே நின்றவள் கல்யாணப் பெண். எதிரே உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு அப்படியா தெரியும்? வெள்ளைப் புடவை, மொட்டை நெற்றி, மூளிக் கை, சுற்றிலும் நாலு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் அழுகிறார்கள். முழுகியது மாப்பிள்ளை வந்த கப்பல். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நிச்சயமான பிள்ளையவா இப்பிடி நிப்பாட்டியிருக்காக?" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. ஆத்தா எழுந்துவிட்டார். பூப்பொட்டலம் காலடியில் விழுந்து சிதறியது. மேடைப் படியேறிப் போய், மகளின் முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தம் நெற்றிக் குங்குமத்தைக் கட்டைவிரலால் வழித்து அவள் நெற்றியில் அழுத்தினார், அழுத்தினார், விடவே இல்லை. பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். விசாலாட்சி திரும்பித் திரும்பி, "ஆத்தா, இன்னும் ஒரு சீன் இருக்கு ஆத்தா, அவரு வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். நனைந்த கோட்டுக்காகத் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்ற எங்கள் மாப்பிள்ளை, பாவம், அப்படியே நின்றாள். அந்தக் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். திரைக்குப் பின்னால் வேஷம் கட்டும் கூச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"காமு, அந்தக் கடைசி வரியைப் படிச்சியா?"

"படிச்சேன் டீச்சர்."

யோசிக்காமல் வந்துவிட்டது. ஒரு வருஷமாக என்னைக் கத்தரிக்காய் விற்க வைத்து நாக்கின் பயத்தைப் போக்கியவர் முன்னால், இன்னொருத்தி வேஷம் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி அத்தனை சரளமாக வந்தது அந்தப் பொய். "அப்ப தெரிஞ்சுமா அந்தம்மா..." என்று டீச்சர் மட்டும் முனகிக்கொண்டார்.

ஆத்தா அன்றைக்கே விசாலாட்சியை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார், பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் திருமயம் பஸ்ஸைப் பிடித்து விசாலாட்சி வீட்டுக்குப் போனார், அந்தக் கடைசிக் காட்சி எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு. வாசலில் நிற்கவைத்தே பேசியிருக்கிறார்கள். "முடிவுல மாப்பிள்ளை வந்துடுறார்மா, எல்லாம் முன்னாடியே தமிழ்ல சொல்லிட்டோம்" என்று இவர் சொல்ல, "எங்க காதுல அப்பிடி ஒண்ணும் விழுகலை. நல்ல காரியம் பேசியிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளையக் கட்டிவிட்டுட்டு பொய் வேற சொல்றீகளா?" என்று ஆத்தா கேட்டாராம். டீச்சர் எங்களிடம் இதைச் சொன்னபோது, பொய் என்ற சொல்தான் அவரைத் தைத்திருந்தது தெரிந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. என்னையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அதற்கு மேலே ஒரு காரணமும் இல்லை.

பரீட்சை நாளில் விசாலாட்சியின் நம்பர் ஒட்டிய மேஜை எனக்கு இரண்டு வரிசை முன்னால் காலியாகக் கிடந்தது. இங்கிலீஷ் வினாத்தாள் சுலபமாகவே வந்தது. நான் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினேன், பாஸ் செய்தேன், பிறகு தாலுகா ஆபீசில் வேலையும் கிடைத்தது. டீச்சரின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டு, இங்கிலீஷ் நாடகமே வேண்டாம் என்று பள்ளியில் முடிவு செய்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளையின் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்ன தேதிக்கு நாகப்பட்டினம் வந்து சேர்ந்தது, மனிதர் நல்ல ஆரோக்கியமாக இறங்கினார், வைகாசியில் கல்யாணமும் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தும் நான் போகவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, அறுபதுகளில், திருமயம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. "இங்கிட்டு வா காமு, அங்கிட்டு வெக்கையா இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள். என் வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்டாள். "ஆபீசுல இங்கிலீஷ்லயா எழுதுவே?" என்றாள். திடீரென்று, ஒரு பிசகும் இல்லாமல், "ஐ நியூ யூ வுட் கம்" என்று சொல்லிவிட்டு, "இது ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குது. யார்கிட்டச் சொல்றது?" என்று சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. "விசாலு, அன்னைக்கு நான் அந்தக் கடைசி வரியை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "திரைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு நின்னது நான்தானே. நீ படிச்சது பூராவும் கேட்டுச்சு, அது ஒண்ணுதான் கேக்கலை."

"டீச்சர் ஒங்க வீட்டுக்கு வந்தாங்களே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேடி!"

"சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஒன்னையும் பரீட்சைக்கு விட்டிருக்க மாட்டாக. ஒருத்தியாச்சும் எழுதட்டுமேன்னு விட்டுட்டேன்." குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்து மேடை இல்லை. இடித்துவிட்டு சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். என் பேத்தி கைப்பேசியைப் பார்த்துத் தானாகவே இங்கிலீஷ் பேசுகிறாள், யாரும் அவளைக் கத்தரிக்காய் விற்க வைக்க வேண்டியதில்லை. ரெஜினா டீச்சர் எங்கே போனார், இருக்கிறாரா என்றே தெரியாது. விசாரித்துப் பார்க்க எனக்கு முகமும் இல்லை. போன தை மாதம் விசாலாட்சியும் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த அந்த அரைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, டீச்சரின் எழுத்து மட்டும் அழியவில்லை. கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லாத வீட்டில், மைக் முன்னால் நின்ற மாதிரி எழுந்து நின்று, முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன், இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை: 'முடிவில் மாப்பிள்ளை உயிரோடு திரும்பி வருகிறான், பெரியோர்கள் யாரும் கலங்க வேண்டாம்.'