மயங்கியவரின் மரியாதை

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்துவிட்டார்.

சூலூர் மண்டபம். மே மாத வெயில். விடிந்ததிலிருந்து வெறும் காபியோடு வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுப்போட்டு நில்லுங்க" என்றேன். கேட்டால்தானே?

"வந்தவங்க சாப்பிடாம நான் எப்படி அம்மணி..."

அப்புறம் பார்த்தால் ஆள் தரையில்! எனக்கு உயிரே போய்விட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்ல ஒருவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். "பொண்ணோட அப்பனுக்கு என்ன சீக்கோ" என்று யாரோ முணுமுணுத்தது வேறு காதில் விழுந்தது. இவருக்கு என்ன ஆகுமோ... கல்யாணம் என்ன ஆகுமோ...

பெரிய மனிதரைத் தரையில் கிடக்க விடலாமா? நாலு பேர் பதவிசாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை தொங்கிப் போனது. லேசாகத் திறந்த கண் மறுபடி செருகியது.

"உக்கார வெக்காதீங்க! கீழ படுக்க வெச்சுக் காலைத் தூக்குங்க!"

மாப்பிள்ளையின் அக்கா. ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாடியைப் பிடித்தாள்.

"மூளைக்கு ரத்தம் பத்தலைங்க அத்தை. மூளை ஒரு அன்னாடங்காய்ச்சி. சேத்து வெக்கத் தெரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் வரவர செலவு பண்ணிப்போடும். வரத்து கொறஞ்சா நெனப்பு போயிரும். படுத்தா ரத்தம் தலைக்குச் சுளுவாப் போகுமுங்க."

அட! நம்மையெல்லாம் ஆட்டிவைக்கிற மூளை, அன்னாடங்காய்ச்சியா?

சரி, காலைத் தூக்க வேண்டும். எதிரே நிற்பதோ சம்பந்தி. அவர் முகத்துக்கு நேராகவா காலை நீட்டுவது? எல்லோரும் தயங்கினோம் — நான் உட்பட.

சம்பந்தி சட்டென்று தரையில் உட்கார்ந்தார். இவருடைய இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் வெள்ளை வேட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. கண் திறந்தவர், கால் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயோ சம்பந்தி, காலை உடுங்க!"

"சும்மா படுங்க. மரியாதையெல்லாம் தெளிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

இவர் விட்டாரா? படுத்தபடியே ஈனக்குரலில் கேட்டார்: "நீங்க... சாப்பிட்டீங்களா?"

எந்த விளக்கை அணைத்தாலும், கொங்குக்காரர் மூளை இந்த ஒன்றை மட்டும் அணைக்காது போலிருக்கிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எந்திரிங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்றார் சம்பந்தி, பிடித்த காலை விடாமலே.

மறுநாள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை.

தோட்டம் எவ்வளவு, தறி எத்தனை என்று மாதக்கணக்கில் விசாரித்தோமே... மகள் எப்பேர்ப்பட்ட வீட்டுக்குப் போகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.