இடம் மாறாமல் ஒன்பது படி ஏறியவன்

1. முதல் நாள், மூன்றாவது ஃப்ரேம்

2025 செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். பால் விடாமல் ஒரு கட்டன் சாயா. வேதாகமத்தில் இரண்டு அதிகாரம். டைரியில் அன்றைய வேலைப் பட்டியல். இரவே சார்ஜில் போட்டிருந்த நான்கு கேமரா பேட்டரிகளையும் எடுத்துப் பையில் அடுக்கினேன். மதியத்துக்குத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும். 8.05க்கு பஸ். கிழக்கேகோட்டையில் இறங்கி ஸ்ரீவராகத்தில் ஜானகி மாமி வீடு வரை நடந்தேன். ட்ரைபாட் கனமாக இருந்தது. மனம் கனமாக இல்லை.

காரணம் உண்டு. இருபத்தேழு வருடமாகக் கேமராவோடு இருக்கிறேன். நகைக்கடைக்கு வளையல், ஹோட்டலுக்கு மீன்கறி, கம்பெனிக்கு மிக்ஸி என்று எதையாவது படம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கடைசி எட்டு வருடம் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. அங்கேயும் மற்றவர்கள் எழுதிய கதைக்கு நான் ஃப்ரேம் எடுத்துக் கொடுப்பேன். அன்றுதான் முதல் தடவை, கதையும் இயக்கமும் என் பெயரில்.

கதையைப் போன வருடம் இதே வீட்டில்தான் கண்டேன். ஜானகி மாமி ட்ரெஷரியில் அதிகாரி, எனக்கு ஒரு வயது மூத்தவர். எங்கள் ஸ்டுடியோவின் வாடகைக் கட்டடம் அவருடையது. நவராத்திரிக்குச் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெள்ளை வேட்டி விரித்த ஒன்பது படி. மேல்படியில் மரப்பாச்சி ராஜாவும் ராணியும். நடுவில் கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, பதினொரு பேர் கொண்ட கிரிக்கெட் டீம். கீழ்ப்படியின் ஓரத்தில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு பிளாஸ்டிக் வீரன், பறக்கப்போகிறவன் மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இவன் யாரு மாமி?" என்று கேட்டேன்.

"என் பையன் ஆறு வயசில டிவி பார்த்துட்டு வாங்கிண்டு வந்து வச்சான். பையன் இப்போ ஹைதராபாத்தில வேலை. அவனுக்கு லீவு கிடைக்காது. இவன் மட்டும் வருஷா வருஷம் கரெக்டா வந்துடறான்."

ராஜா ராணிக் கதையும் டிவிக் கதையும் ஒரே படிக்கட்டில் நிற்கின்றன. இவன் அந்த ராணியிடம் போக ஆசைப்பட்டால்? ஒவ்வொரு படியும் ஒரு ராஜ்ஜியமாக இருந்தால்? அன்றே டைரியில் எழுதினேன். குழந்தைகள் சேனல் ஒன்று எங்கள் ஸ்டுடியோவிடம் மாதிரிக்கு ஒரு பைலட் படம் கேட்டபோது அதை எடுத்து நீட்டினேன். பைலட் பிடித்தால் பத்து எபிசோட். பிடிக்காவிட்டால் வேறு ஸ்டுடியோ. கடைசித் தேதி அக்டோபர் 3.

ஸ்டாப் மோஷன் என்பது எளிய வேலை, பொறுமைதான் கடினம். பொம்மையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு ஃப்ரேம், மறுபடி நகர்த்தி இன்னொரு ஃப்ரேம். பன்னிரண்டு ஃப்ரேம் சேர்ந்தால் ஒரு விநாடி. எனக்கு 1200 ஃப்ரேம் வேண்டும். ஐந்து நாள், ஒரு நாளைக்கு 240 என்று பிரித்து வைத்திருந்தேன்.

முதல் ஃப்ரேம் 10.50க்கு எடுத்தேன். வீரனை நகர்த்தி இரண்டாவது. நகர்த்தி மூன்றாவது. அப்போது காபி டம்ளரோடு மாமி உள்ளே வந்தார்.

"அய்யோ! என்ன பண்றேள்? அதைத் தொடப்படாது!"

டம்ளரை அவர் தரையில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"நகர்த்தித்தானே மாமி எடுக்கணும்..."

"கொலு வச்சா வச்சதுதான் ஸ்டெல்லா. ஆரத்தி காட்டியாச்சு. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கற வரைக்கும் ஒண்ணையும் இடம் மாத்தப்படாது. இது அறியாத ஆள் உண்டா?"

உண்டு. நான் மார்த்தாண்டத்துக்காரி. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் உண்டு, அதில் ஆடு மாடுகளை நாங்கள் தினமும் இடம் மாற்றி விளையாடுவோம். லென்ஸ், லைட், ஃபேன், ஜன்னல், வோல்டேஜ் என்று முப்பத்தாறு கேள்விகள் எழுதி வந்து மாமியிடம் பதில் வாங்கியிருந்தேன். முப்பத்தேழாவது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று மாமிக்கும் தோன்றவில்லை.

2. திருப்பி வைத்தது

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. "எங்கே இருந்தான்னு தெரியுமா? அதே இடத்தில வைக்க முடியுமா?"

அது மட்டும் எனக்கு முடியும். கேமரா லேப்டாப்போடு இணைந்திருந்தது. முதல் ஃப்ரேமைத் திரையில் பாதி ஒளி ஊடுருவும்படி போட்டு, அதன் மேல் நேரடிக் காட்சியை வைத்தேன். ஆனியன் ஸ்கின் என்போம். திரையில் இரண்டு வீரர்கள் தெரிந்தார்கள். ஒருவன் பேய் மாதிரி மங்கலாக, ஒருவன் தெளிவாக. மாமியையே நகர்த்தச் சொன்னேன்.

"கொஞ்சம் இடது. இன்னும். கை மட்டும் திரும்பணும். போதும்."

இருவரும் ஒருவனானார்கள். மாமி திரையையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நூலிழை கூட மாறலியே," என்றார். ஒரு அகல் ஏற்றிக் கைகூப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காபி ஆறிப்போச்சு. வேற தரேன்."

ஸ்டுடியோவுக்குத் திரும்பினேன். முதலாளி அனீஷ் என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். அக்கா என்ற அர்த்தத்தில் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். மலையாளி, என்னிடம் இரண்டு மொழியையும் கலந்து பேசுவார்.

"சாலை பஜார்ல போயி டூப்ளிகேட் பொம்மை வாங்கிக்கலாம் சேச்சி. ஸ்டுடியோவிலயே படி கெட்டலாம்."

போய்ப் பார்த்தேன். பளபளவென்று எல்லாம் புதுசு. மாமி வீட்டில் ராணியின் மூக்கு தேய்ந்திருக்கும், செட்டியாருக்கு ஒரு காது கிடையாது. அந்த முகங்களுக்காகத்தான் கதையே எழுதினேன். தவிர, இருநூறு பொம்மை வாங்கப் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது?

மாலையில் அனீஷ் முடிவாகச் சொன்னார்: "நாளைக்கு ராத்திரி வரை டைம். ஒரு வழி பறயணும். இல்லெங்கில் நான் சேனலுக்கு போன்ல விளிச்சு, நம்மளால ஆகில்லான்னு சொல்லிருவேன். சேச்சிக்கு விஷமம் ஆகும், சங்கடம்தான், தெரியும். எனக்கும் ஆகும்."

அவர் நல்லவர். அதனால்தான் அது அதிகம் வலித்தது.

3. ஆரத்தி

24ஆம் தேதி மாலை மாமி வீட்டுக்குப் போனேன். சாமான்களை எடுத்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடலைச் சுண்டல். என் கையிலும் ஒரு தொன்னை.

மாமி ஆரத்தித் தட்டை எடுத்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். கற்பூரச் சுடர் மேல்படியிலிருந்து வட்டமாகக் கீழே இறங்கியது. கீழ்ப்படிக்கு முன்னால் வந்தபோது, நான் சுண்டலை மெல்வதை நிறுத்தினேன்.

வீரனின் நிழல் படியேறியது.

சுடர் தாழத் தாழ நிழல் உயர்ந்தது. இரண்டாம் படி, மூன்றாம் படி, கிரிக்கெட் டீமின் மேலே ஒரு தாவல். சுடர் உயர்ந்ததும் சரசரவென்று இறங்கிக் காலடியில் ஒடுங்கியது. மறுபடி சுற்று, மறுபடி ஏற்றம். தினமும் மாலையில் அந்த வீட்டில் எல்லாப் பொம்மைகளும் நடமாடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. யாரும் யாரையும் தொடவில்லை.

"மாமி," என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "விளக்கை நகர்த்தலாமா?"

"விளக்கையா?"

"பொம்மையைத் தொட மாட்டேன். படியைத் தொட மாட்டேன். விளக்கை மட்டும்."

மாமி தட்டைக் கீழே வைத்தார். ட்ரெஷரியில் பில்லைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "விளக்கு காட்டறதுக்குத்தானே கொலு வைக்கறோம். அதுக்கென்ன விரோதம்? தாராளமா நகர்த்துங்கோ."

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நாங்களும் ஃபிலிம்ல வருவோமா?"

"உன் நிழல் வேணும்னா வரும். அதுவும் அதுக்குள்ள கொள்ளாது," என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலுக்கு வந்து அனீஷுக்கு போன் செய்து மூன்று வாக்கியத்தில் சொன்னேன். "சேச்சி, இது முதல் கதையைவிட நல்லதாச்சே" என்றார்.

உண்மைதான். முதல் கதையில் படிக்குப் படி எழுதியிருந்த சாவி, பெட்டி, ராஜ்ஜியங்கள் எல்லாவற்றையும் அன்றே அடித்துவிட்டேன். புதிய கதை நான்கு வரி. ஒன்பது நாள் யாரும் அசையக் கூடாது என்பது ராணியின் கட்டளை. கீழே நிற்கும் குட்டி வீரனுக்கு மேலே போக ஆசை. அவன் கட்டளையை மீறவில்லை. நிழலை அனுப்பினான்.

4. 1200

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிய மாமி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். "திரி அணையும்னு நான் கொலு ரூம்ல ஃபேன் போடறதில்லை. நீங்க உங்க இஷ்டம் போலப் பண்ணுங்கோ. ஆனா இங்கே 29ஆம் தேதி சந்தியா வேளையிலயே ஆயுதமெல்லாம் பூஜைக்கு வைக்கணும். உங்க கேமராவும் ஆயுதம்தானே? அதுவும் பூஜையில உட்காரணும். அப்புறம் விஜயதசமிக்குத்தான் எடுக்க முடியும்."

இந்தத் தடவை நானே கேட்டேன்: "வேற என்ன கூடாது மாமி?" மூன்று சொன்னார். மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு சிறிய எல்இடியை மீட்டர் ஸ்கேலில் பொருத்தி, ஸ்கேலை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஒரு ஃப்ரேமுக்கு மூன்று மில்லிமீட்டர் இறக்கம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. 25ஆம் தேதி 190 ஃப்ரேம்தான் கிடைத்தது. வெளிச்சம் வீரனுக்கு மிக அருகில் வந்தால் எக்ஸ்போஷர் எகிறும், முகம் வெந்ததுபோல் வெளுக்கும். எல்இடி மேல் டிரேசிங் பேப்பரை இரண்டாக மடித்து ஒட்டினேன், சரியாயிற்று. 26இல் 260. 27இல் 255.

28 ஞாயிறு, மாமி வீட்டில் இருந்தார். வியர்வையில் நான் நனைந்திருப்பதைப் பார்த்து மனம் கேட்காமல், சத்தம் போடாமல் ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டார். நான் கவனித்தபோது பதினெட்டு ஃப்ரேம் ஆகியிருந்தது. வீரனின் சிவப்புத் துணி அவற்றில் எல்லாம் ஆடியிருந்தது. அழிக்கப் போனேன். அழிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆறாம் படிக்கு நிழல் தாவும் அந்த ஒன்றரை விநாடியில், கீழே நிற்பவன் மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. வைத்துக்கொண்டேன். படத்தில் எல்லோரும் பாராட்டும் இடம் அதுதான்.

அன்று 245. 29ஆம் தேதி மாலை 4.35க்குக் கடைசி ஃப்ரேம்: ஒன்பதாம் படியைத் தாண்டிச் சுவரில், மூக்குத் தேய்ந்த ராணிக்குப் பக்கத்தில், அவளைவிடப் பெரியவனாக நின்றான் பதினோரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் வீரன். 250. மொத்தம் 1200. கேமராவைத் துடைத்து மாமியிடம் கொடுத்தேன். அதற்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

5. படுக்கை

படத்துக்கு முடிவு மட்டும் பாக்கி. விஜயதசமி, அக்டோபர் 2, மாலை ஏழரை. கேமராவை நேரடி வீடியோவில் வைத்தேன். வழக்கப்படி மேல்படியிலிருந்து ராணியைத்தான் படுக்க வைப்பார்கள் என்று ஃபோகஸை அங்கே வைத்திருந்தேன். மாமியின் கை மேலே போகவில்லை. குனிந்தார்.

"இந்த வருஷம் இவன்தான் ரொம்ப அலைஞ்சிருக்கான். இவன் படுக்கட்டும்."

அவசரமாக ஃபோகஸை மாற்றினேன். வீரனைச் சாய்த்துப் படுக்க வைத்து, அந்தச் சிவப்புத் துணியையே இழுத்துப் போர்த்தினார் மாமி. ஐந்து விநாடி. இரண்டாவது டேக் கேட்க முடியாது, ஒரு பொம்மை ஒரு தடவைதான் தூங்கும். தேவையும் இருக்கவில்லை.

3ஆம் தேதி காலை பத்துக்கு அனுப்பினோம். 9ஆம் தேதி, வியாழன், மாலை 4.20க்கு சேனலின் பொறுப்பாளர் வீடியோ காலில் வந்தார். அனீஷ் போனை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், இங்க நாங்க ஆறு பேரு உட்கார்ந்து மூணு வாட்டி பார்த்தோம்," என்றார் அந்தப் பெண்மணி. "அந்த ஆளு நின்ன இடத்தை விட்டு அசையவே இல்லைன்னு மூணாவது வாட்டிதான் எனக்குப் புரிஞ்சது. பத்து எபிசோட் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

அனீஷ் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மேஜையைத் தட்டினார். நான் மாமிக்கு போன் செய்தேன். "ஹைதராபாத்துக்கு இப்பவே விளிக்கறேன்," என்றார். "அவன் வாங்கி வச்ச ஆளாக்கும், கேட்டேளா?"

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ராஜா ராணிக் கதைகளை எடுத்துப் பாருங்கள். அந்தக் கதவைத் திறக்கக் கூடாது, அந்தப் பழத்தைத் தின்னக் கூடாது என்று எங்காவது ஒரு தடை இருக்கும். அந்த இடத்தில்தான் கதை தொடங்கும். படம் எடுக்கப் போகும் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கும். அதைத் தெரியாமல் மிதித்தால் வேலை கெடும். முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் வேலை பிறக்கும்.

இரண்டாவது எபிசோட் சாலை பஜாரில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில். மறுநாள் காலை 5.15க்கு எழுந்ததும், கட்டன் சாயாவுக்கு முன்பே, டைரியில் புதிய பக்கத்தைத் திறந்து, வழக்கமான முப்பத்தாறு கேள்விகளுக்கு மேலே ஒரு கேள்வியை எழுதினேன். கடை அண்ணாச்சி ஐந்தரைக்கே எழுந்துவிடுவார் என்று தெரியும். போன் செய்தேன்.

"அண்ணாச்சி, உங்க கடையில என்னவெல்லாம் செய்யக் கூடாது?"

"என்ன மக்கா, விடியக்காலத்துல!" என்று சிரித்தார். "இத்தனை வருசத்துல ஒருத்தரும் இதக் கேட்டதில்ல பாத்துக்கோ. எழுதிக்கோ. முத வியாபாரம் ஆவுறதுக்கு முன்ன ஒரு பாத்திரத்தையும் கவுத்தி வைக்கக் கூடாது..."

பதினொன்று சொன்னார். பதினொன்றையும் எழுதிக்கொண்டேன்.