சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி

நானும் கதிரும் சென்னையில் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். இப்போது அவன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவனோடு போய் இருக்க என்ன விசா கிடைக்கும் என்று இன்று தேனியில் ஓர் ஏஜெண்டிடம் கேட்டேன்.

“கல்யாணம் ஆகலைன்னாலும் வழி இருக்கும்மா. சேந்து வாழ்ந்ததுக்கு ஆதாரம் கேப்பாக. போட்டோ இருக்கா?”

“வீட்ல தெரிஞ்சிருமேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டோம்ண்ணே.”

“அப்ப வீட்டு ஓனர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.”

“அவுகட்ட அண்ணன் தங்கச்சின்னு சொல்லித்தான் வீடு பிடிச்சோம்.”

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

உத்தமபாளையம் பஸ்ஸில் திரும்பும்போது கதிர் அழைத்தான். என் போனில் அவன் பெயர் இன்னும் ‘கவிதா டீச்சர்’தான்.

இந்தப் பதிவை அப்பாவும் படிப்பார். படிக்கட்டும்.

எங்களை ஒன்றாகப் பார்த்தும் இத்தனை வருடம் காட்டிக்கொடுக்காத நண்பர்களே, இனியாவது கொஞ்சம் காட்டிக்கொடுங்கள்.