ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு 'நம்பரக்கா' என்றே பெயர். நானூறு கணினிகளுக்கும் எண் கொடுத்துப் பெயர் வைத்து, பன்னிரண்டு வருஷமாகக் கட்டி மேய்ப்பவள். அவளிடம் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் பெயரைச் சொன்னால் எண் வரும், மற்றதில் எண்ணைச் சொன்னால் பெயர் வரும். அன்று காலை, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, இரண்டாவது பட்டியலை அழித்துத் தொலைத்தாள். பிரதி எடுத்து வைத்திருந்தாளா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

பத்தாவது நிமிஷம் ரத்த வங்கியிலிருந்து போன்.

"அக்கா, ஆபரேஷன் தியேட்டர்லருந்து ரத்தம் கேக்குறாங்க. கேட்ட கம்ப்யூட்டர் நம்பர் மட்டும்தான் வருது, எந்த ரூம்னு மெஷினுக்குத் தெரியல, திருப்பி அனுப்பிடுது. ஆக்சிடென்ட் கேஸு, வயித்தத் தொறந்துட்டாங்க!"

"சீட்டு எழுதி வாங்கிக்கயேன்."

"சீட்டுக்குக் குடுத்துதான போன வருஷம் ஆள் மாறிப் போச்சு? இப்ப மெஷின் சொல்லாம ஃப்ரிட்ஜே தொறக்காது."

"எந்தத் தியேட்டர்?"

"தியேட்டர்னு கத்திட்டு வெச்சுட்டாங்க. திருப்பி அடிச்சா யாரும் எடுக்கல."

எண்ணை வைத்து மெஷின் அறையைத் தேடுவது, காலையில் அவள் அழித்த பட்டியலில்தான். நல்லவேளை, முதல் பட்டியல் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து பெயரையும் எண்ணையும் உருவியெடுத்துத் திருப்பிப் போட்டால் இரண்டாவது தயார். இரண்டு நிமிஷ வேலை. எல்லா எண்ணுக்கும் ஒரு பெயர் வந்தது, ரத்தம் கேட்ட எண்ணுக்கு மட்டும் இரண்டு: முதல் மாடியிலிருக்கும் 'தியேட்டர் ஒன்று', நான்காம் மாடியிலிருக்கும் 'தியேட்டர் மூன்று'. எண்ணை வேறு அறைக்கு மாற்றினால் பழைய பெயரை நீக்க வேண்டும். "கிடந்துட்டுப் போகட்டும்" என்று விடுவது அவள் வழக்கம். எது பழசு? சுத்தமாக நினைவில்லை. தவறிச் சொன்னால் ரத்தம் ஒரு மாடிக்குப் போகும், ஆள் இன்னொரு மாடியில் கிடப்பார்.

மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி ஓடினாள். முதல் மாடியில் கதவைத் தட்டியதும் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ரத்தம் கேட்டீங்களா?"

"இங்க பித்தப்பைக் கல்லு. ரத்தம் எதுக்கு?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து 'தியேட்டர் ஒன்று' என்ற பழைய பெயரை நீக்கினாள். அவசரத்தில் இரண்டு முறை எழுத்து தப்பாக விழுந்தது. மூன்றாவது முறை பட்டியல் மெஷினில் ஏறியது.

அவள் மூச்சிரைக்க நான்காம் மாடியை எட்டியபோது, ரத்தப் பெட்டி கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் அந்த வாசலில் ஒரு வயதான அம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள பொழச்சுக்குவான்னு சொல்லிட்டாங்கம்மா. நீதான் ஓடியாடி ரத்தம் வரவெச்சியாம். நல்லா இருப்பே, தாயி."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, ரத்தம் வராம நின்னதே என்னாலதான். காலைல நான்தான் தப்புப் பண்ணேன்."

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டார்.