ஊரணிக்குள் பூட்ஸ்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பல்கலைக்கழகத்தின் நீர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஆராய்ச்சிக்காரன் அல்ல. ஜீப், ஆட்கள், கருவிகள் எல்லாவற்றையும் நடத்துவதும், வேலை நடக்கிற ஊர்க்காரர்களோடு பேசிச் சம்மதம் வாங்குவதும் என் பொறுப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில், கறம்பக்குடிப் பக்கம் ஓர் ஊரணியின் தண்ணீர் மட்டத்தை ஆண்டு முழுக்க அளக்க வேண்டும் என்றார் எங்கள் பேராசிரியர். அந்த ஊருக்குக் குடிக்க அது ஒன்றுதான். குளிக்கவும் மாடு கழுவவும் வேறு குளம் உண்டு. ஊரணிக்குள் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. படியில் நின்றபடியே குனிந்து குடத்தைச் சாய்த்து மொண்டுகொள்வார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிற அம்பலக்காரரிடம் பல தடவை நடந்தேன். கடைசியில் மனம் இறங்கினார்.

"அளந்துக்கங்க. உள்ள மட்டும் யாரும் எறங்கப்படாது. சொல்லிப்புட்டேன்."

"எறங்க மாட்டாங்க, நான் பொறுப்பு" என்றேன்.

அளவுகோலைப் படிக்கட்டின் பக்கச் சுவரில் பதிப்பதாகப் பேச்சு. பேராசிரியரும் தலையாட்டினார்.

பதிக்கப் போன அன்று அம்பலக்காரர் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். செம்பை வாயருகே கொண்டுபோகையில் பெண்களின் கூச்சல் கேட்டது. ஓடினேன். பேராசிரியர் பூட்ஸ் காலோடு ஊரணியின் நடுவே நிற்கிறார்! எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அளவுக் கம்பத்தைச் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். பங்குனி மாதத்துத் தண்ணீர், முழங்காலுக்கும் கீழே. அத்தனையும் சேறு.

"சார், வெளிய வாங்க!"

"படிப்பக்கம் ஆழம் பத்தாது. கோடையில அங்க தண்ணியே இருக்காது, எதை அளக்கிறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டாச் சரியாயிடும். ஊர்க்காரங்களைச் சமாளிக்கத்தானே நீங்க இருக்கீங்க?"

சமாளிக்க! என் வேலை அவருக்கு அவ்வளவுதான். வயதையும் பதவியையும் பார்க்காமல், "உங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள இப்படி பூட்ஸோட எறங்குவீங்களா?" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். அவர் முகம் சிவந்தது. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்க வேண்டுமே? ஊஹூம். கரையேறி ஜீப்பில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்.

அம்பலக்காரர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "போயிட்டு வாங்க" என்றதோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

கம்பத்தையாவது பிடுங்கிவிடலாம் என்று மறுவாரம் தனியாகப் போனேன். பெண்கள் குடத்து வாயில் வேட்டித் துணியைக் கட்டி, கலங்கிய தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அசுத்தமாகிவிட்டதென்று இறைத்துக் கொட்டிவிட்டால் மழை வரும்வரை குடிக்க எங்கே போவார்கள்? கம்பத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். இடுப்பில் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்புடி எடுப்பீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரில் இறங்காமல் அதை எடுக்க வழியில்லை.

"இன்னொரு காலு வேணாம், விடுங்க. வத்துனதும் சொல்லி விடுறோம். அப்ப வந்து எடுத்துக்கங்க."

கம்பம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது என்று நிலையத்தில் சொன்னேன். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. வாராவாரம் அளவெடுக்க ஒரு ஆளைப் போடுங்க."

போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஊரணி வற்றியதும் கம்பத்தை எடுத்து வரப் போனதைத் தவிர, நான் அந்த வேலையில் இருந்தவரை எங்கள் ஜீப்பை அந்த ஊர்ப் பக்கம் திரும்ப விடவில்லை.