அண்ணன் அடித்த மணியில் தவறில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதலில் படங்களைப் பார்த்து, யார் பெயரெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று தேடிவிட்டு, கடைசியாக இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் ஸ்தோத்திரம். எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓர் ஆண்டு நிறைவடைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"இன்னா தம்பி, உங்க கூத்தெல்லாம் அதுல காட்டாதீங்க. ஒழுங்கா எழுதுங்க. பாஸ்டர் கூட படிப்பாரு."

ஒழுங்காகத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் இந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் தம் கடைசி மூன்று ஆண்டுகளைச் சம்பந்தமே இல்லாத ஒரு கெட்ட பெயரோடு கழித்தார். பலருக்கு அது தெரியும். அது யாருக்குச் சேர வேண்டிய பெயர் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை இங்கே எழுதிவிட்டால்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட முடியும். இப்போதும் சாப்பிடுகிறேன், நன்றாகவே சாப்பிடுகிறேன். நிம்மதியாக இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் பிறந்தது மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த எங்கள் அப்பா சுரங்கத்தில் பாறைத் துளை போடுகிறவர். அந்தத் தூசு அவருடைய நெஞ்சுக்குள் போய்த் தங்கி, நாற்பத்தைந்து வயதில் அவரைப் படுக்கையில் தள்ளியது. அண்ணன் அப்போது பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தார். கல்லூரிக்குப் போக வேண்டியவர் எங்கள் ஊரிலேயே இருந்த மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தார். நான் படித்தேன் என்று சொன்னால் என் ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். பள்ளிக்குப் போய் வந்தேன் என்று சொல்லலாம்.

பெங்களூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக அண்ணனின் வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஷாஃப்ட் என்னும் ஆழமான சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். மேலே வாசலில் நின்று, எல்லாரும் சரியாக ஏறிவிட்டார்களா என்று பார்த்து, மணி அடித்துச் சைகை கொடுத்தால்தான் அது நகரும். அந்த மணி அண்ணன் கையில் இருந்தது. தவறாக ஓர் அடி அடித்தால் ஒரு கேஜ் நிறைய ஆட்கள் போய்விடுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் அண்ணன் அந்த வாசலில் நின்றார். அவர் மணிக்கு ஒருவருடைய சுண்டுவிரல்கூட நசுங்கியதில்லை. வீட்டில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் இதுதான். மற்ற பெருமைகளை எல்லாம் அண்ணியிடம் விட்டுவிட்டார்.

மைன் மூடிய பிறகு, பகலில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தவரைக் காப்பாற்றியவை பழைய ஏர் கன்கள். முதல் துப்பாக்கி அப்பா காலத்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகும்போது பங்களாவில் விட்டுச் சென்ற உடைசல். பெட்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்ததை அண்ணன் வெளியே எடுத்தார். ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். உள்ளே காற்றை அமுக்கும் தோல் வாஷர் மக்கிப்போயிருந்தது. கடை கடையாகத் தேடினார். கடைசியில் என் சைக்கிள் பம்பைப் பிரித்து, அதிலிருந்த வாஷரை எடுத்து விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான் இரண்டு மாதம் டயருக்குக் காற்றடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கவலைப்படவில்லை.

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுடா. தொப்பைய பாரு."

பிறகு ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு வந்தன. நான்காவது, திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவரிடமிருந்து வந்தது. பலூன் கடைத் துப்பாக்கியின் குறிமுனையை வேண்டுமென்றே கொஞ்சம் வளைத்து வைத்திருப்பார்கள். ஜனங்கள் நேராகக் குறிபார்த்தால் குண்டு இடப்பக்கம் போகும். அண்ணன் மற்ற எல்லாவற்றையும் பழுது பார்த்தார். அந்த வளைவை மட்டும் நிமிர்த்தவில்லை. "இது தம்பிக்கு" என்று தனியாக எடுத்து வைத்தார். ஆறு மாதம் எனக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்து டாக்டரிடம்கூடப் போய் வந்தேன்.

துப்பாக்கிகள் தயாரானதும் தெருப் பிள்ளைகள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். சனிக்கிழமை நாலு மணி ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். எதிரே சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைட் மேடு. அதன் அடியில் மணல் மூட்டைகள், அதற்கு முன்னால் குண்டு தெறிக்காமல் இருக்கத் தொங்கவிட்ட சாக்குத் திரை, அதற்கு முன்னால் பலகையில் வரிசையாகக் காலி டின்கள். வெல்டிங் கடைக் கண்ணாடி போடாத பிள்ளைக்குத் துப்பாக்கி கிடையாது. மிளகளவு இரும்புக் குண்டுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அண்ணன் தம் மடியிலேயே வைத்திருப்பார்.

இதில் அவர் சுரங்கத்து முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஷாஃப்டுக்குள் இறங்குகிறவர் தம் நம்பர் போட்ட டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதேபோல் எங்கள் எல்லாருக்கும் தகரத்தில் ஆளுக்கொரு டோக்கன் வெட்டிக் கொடுத்தார். டின் அடுக்கக் கோட்டைத் தாண்டி யார் போனாலும் பலகையில் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். பலகை முழுக்கக் காலியானால்தான் அண்ணன் தண்டவாளத் துண்டில் மூன்று அடி அடிப்பார். அதற்குப் பிறகுதான் சுடலாம். அண்ணியும் மாட்ட வேண்டும். ஒருநாள் துணி எடுக்கப் போன அண்ணி, "என் வூட்டு கொடில துணி எடுக்க எனக்கு டோக்கனா?" என்று சண்டை போட்டார். போட்டுவிட்டு, மாட்டிவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகள் அவரைச் சும்மா விடுவதில்லை. "தாத்தா, நீங்க சுட்டா டின் ஏன் சிரிக்கிது?" என்று ஒன்று கேட்கும். "பல்லு இல்லாதவன் சுட்டா சிரிக்காம இன்னா பண்ணும்?" என்பார். அவர்களில் நன்றாகச் சுடுகிறவள் பக்கத்து வீட்டு ஷாலினி. அப்போது பதினோரு வயது. அவள் அம்மா ரோஸி காலை முதல் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். சனிக்கிழமைகளில் மகளை அண்ணனை நம்பித்தான் விட்டிருந்தாள்.

இனி என் வீரச் செயல்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. ஒரு டின்னில் நூலைக் கட்டி, திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆட்டினால், டின்னுக்குப் பேய் பிடித்ததாகப் பிள்ளைகள் அலறுவார்கள். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது என்பதையும் சேர்த்துப் படிக்கவும். "பன்னு வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு, சயனைட் மேட்டுப் பக்கமாக வந்து, தவழ்ந்து திரைக்குப் பின்னால் போனேன். டோக்கனை மாட்டவில்லை. மாட்டினால் குட்டு உடைந்துவிடுமே! அது என் சட்டைப் பையில் இருந்தது.

அண்ணன் பலகையைப் பார்த்தார். காலி. மூன்று அடி அடித்தார். நான் நூலை இழுத்தேன். ஷாலினி சுட்டாள். சாக்குத் திரை குண்டை நிறுத்தும் என்பது எனக்குத் தெரியும். என் பின்பக்கம் அந்தத் திரையைவிட அகலம் என்பது அன்றுதான் தெரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. குண்டு தோலைக் கிழித்து மேலாகவே நின்றிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, மரியாதைக்குத்தான். ஆனால் ஷாலினி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளிறிப்போய் நின்றாள். அண்ணன் என்னிடம் வரவில்லை. முதலில் அவளிடம்தான் போனார்.

"உம்மேல தப்பே இல்லம்மா. டோக்கன் மாட்டி இருந்துச்சு. நான்தான் பாக்காம பெல் அடிச்சிட்டேன்."

கூட நின்ற பையன் ஒருவன், "இல்லியே தாத்தா, போர்டுல ஒண்ணுமே இல்லியே" என்றான்.

"இருந்துச்சுடா. எனக்கு கண்ணு தெரில. நீ போயி தண்ணி எத்துகினு வா, போ."

நான் குப்புறக் கிடந்தேன். பையிலிருந்த டோக்கன் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த நொடியில் வாயைத் திறந்திருக்க வேண்டும். எதற்கும் வாயைத் திறக்கிற நான் அதற்குத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் எல்லாரும் என் காயத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அதற்கு மறுநாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். இப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பிய ரோஸி எங்கள் வாசலில் நின்று கத்தினாள். "கண்ணு தெரியாத ஆளு கைல புள்ளைங்கள வுடலாமா? இன்னிக்கு அவரு தம்பி. நாளைக்கு எம்பொண்ணு கண்ணுல பட்டா?" அண்ணன் தலையைக் குனிந்து, "சரிதாம்மா" என்றார். இருபது வருடத்துக்கு மேல் கேஜ் மணி அடித்தவர். அடுத்த சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அண்ணன் மட்டும் நாலு மணிக்கு நான்கு துப்பாக்கிகளையும் எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, அலமாரியில் வைப்பார். நான் எதிரே உட்கார்ந்து சிரிப்புக் காட்டுவேன். அவர் சிரிப்பார். என்னைப் போன்ற தம்பிக்கும் சிரிக்கிற அண்ணனைக் கர்த்தர் கொடுத்திருந்தார்.

போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் டோக்கன் மாட்டல."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"போர்ட பாக்காம நான் என்னிக்குடா பெல் அடிச்சிருக்கேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "அந்தப் பொண்ணு கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

"அப்ப எங்கிட்ட எதுக்கு சொல்ற? அது இன்னும் நம்ம வூட்டாண்ட வந்தா தலைய குனிஞ்சிகினு போவுது. நானும் சொல்லிப் பாத்தேன், நம்ப மாட்டேங்குது. போயி சொல்லு."

இரண்டு நாள் கழித்து அண்ணன் போய்விட்டார். அடக்க ஆராதனையில் சபை மூப்பர் அவருடைய கவனத்தைப் புகழ்ந்துவிட்டு, "கடைசி காலத்தில் கண்பார்வை குறைந்து ஒரு தவறு நடந்தாலும்" என்று சொன்னார். முன்வரிசையில் நான் தேம்பி அழுதேன். பாசக்காரத் தம்பி என்று எல்லாரும் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வருடம் தேவைப்பட்டது. போன மாதம் இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி முடித்து, எடுத்துக்கொண்டு ரோஸி வீட்டுக்குப் போனேன். காகிதத்தை நீட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் ஷாலினி படிப்பது கன்னடமும் இங்கிலீஷும். "தமிழ் பேசத்தான் வரும் அங்கிள், படிக்க வராது. நீங்களே படிங்க" என்றாள். என் வாயாலேயே, என் பின்பக்கம் உட்பட, எல்லாவற்றையும் படித்தேன்.

முடித்ததும் அவள் கேட்டாள். "அப்போ தாத்தாவுக்கு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. கடைசி வரைக்கும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், நான் சுடும்போது டின் ஆடுச்சு. பின்னால யாரோ இருக்காங்கன்னு தோணுச்சு. தோணியும் சுட்டுட்டேன். அத்த நான் யாருகிட்டயும் சொல்லல. தாத்தா எம்மேல தப்பில்லன்னு சொல்றப்பல்லாம் எனக்கு அழுகையா வரும்."

"பெல் அடிச்சா சுடணும்னுதாம்மா நம்ம ரூல். நீ ரூல் படிதான் சுட்ட, அவரும் ரூல் படிதான் அடிச்சாரு. ராங்கா நடந்துகினவன் நான் ஒருத்தன்தான்" என்றேன். முதல் தடவையாக எனக்கு வேறெதுவும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

ரோஸி எழுந்து உள்ளே போனாள். துடைப்பம் எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இத்த அப்பவே சொல்லியிருந்தா நான் புள்ளைய அனுப்பியிருப்பனே. அந்த மனுஷன் மூணு வருஷம் தனியா குந்திகினு இருந்தாரே. நான் வேற அப்படி கத்திட்டேனே." பிறகு, "துப்பாக்கிங்க இருக்குதா?" என்றாள்.

"இருக்கு. அண்ணி வாராவாரம் தொடைக்கிறாங்க."

"சனிக்கிழம ஷாலினியையும் அவ தங்கச்சியையும் அனுப்பறேன். உங்க அண்ணியே பெல் அடிக்கட்டும். நீங்க மட்டும் அங்க நிக்கக் கூடாது. வூட்டுக்குள்ள, கண்ணுக்குத் தெரியற மாதிரி, ஜன்னலாண்ட குந்திகினு இருக்கணும்."

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற தெரு இளைஞர்களுக்கும், ஐந்து நாளும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த சபை மக்களுக்கும், தூரத்திலிருந்து வந்து கல்லறை வரை நடந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் குண்டை எடுத்துவிட்டு, மூன்று நாள் உட்காரக் கூடாது என்று சிரிக்காமல் சொன்ன கம்பவுண்டருக்கும் நன்றி. எல்லாருக்கும் மேலாக, கதவைச் சாத்தாமல் கடைசி வரி வரைக்கும் கேட்ட ரோஸிக்கும் ஷாலினிக்கும்.

இப்போது சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரலாம். பிள்ளைகளைத் தைரியமாக அனுப்புங்கள். அண்ணி பலகையைப் பார்ப்பார். பிறகு எட்டி ஜன்னலில் நான் இருக்கிறேனா என்று பார்ப்பார். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் மணி.